பிரகாசியின் பெட்டியில் உறைந்த கச்சான்

கச்சான் காற்று ஒரு குளிர்பெட்டிக்குள் புகுந்து உறைந்து, தகட்டின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்ட அந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டில், சிப்பிப்பாட்டுக் கரைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பாய்மரப் படகொன்றில் வந்து இறங்கினார்கள். எந்தத் திசையில் போவதென்று நடுக்கடலில் தொடங்கிய சண்டையைக் கரையேறிய பின்பும் முடிக்கத் தெரியாமல், கணவன் வடக்கே போகும் பேருந்திலும் மனைவி தெற்கே போகும் பேருந்திலும் ஏறிக்கொண்டார்கள். யார் வாங்கினாலும் சரி, இனி இந்தப் படகின் முகத்தில் விழிக்க விருப்பமில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். வாங்கியவள் பிரகாசி மச்சாது. கணவாயும் சிங்கி இறாலும் வாங்கி விற்பது அவள் தொழில், நாற்பதைக் கடந்தவள், கணவாயைப் புரட்டிப் பார்த்து வாங்குவதுபோல மாப்பிள்ளையையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வந்தவர்களையெல்லாம் வந்த வழியே அனுப்பியவள். அவளுடைய கல்யாணத்துக்கென்று அலமாரிக்குள் காத்திருந்து சலித்துப்போன நகைகள் ஒரே பிற்பகலில் படகாக மாறின. மூன்று விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரரான அவள் அண்ணன் தொபியாஸ் அன்று சாப்பிடவில்லை என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொன்னாள். மறுநாள் இரண்டு மடங்கு சாப்பிட்டதைச் சொல்லவில்லை.

சிப்பிப்பாட்டில் பெண்கள் படகில் ஏறக்கூடாது. ஏறினால் கடல் மீன் தராது என்பது ஆண்களின் கட்சி. ஒரு பெண்கூட ஏறாத ஆண்டுகளிலும் கடல் எத்தனையோ முறை கையை விரித்திருக்கிறது என்பதை அந்தக் கட்சியில் யாரும் யோசித்ததில்லை. ஆகவே கோயில் முற்றத்தில் கூட்டம் கூடிப் பேசினார்கள். அந்தப் படகுக்குள் அடுப்பு இருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டி இருந்தது, கட்டில் இருந்தது, சன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட இருந்தது. அடுப்பு உள்ளது வீடு. வீட்டுக்குள் பெண் போகலாம், போகவும் வேண்டும். நங்கூரம் தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது வீடு, நங்கூரம் மேலே வந்துவிட்டால் அது படகு என்று தீர்ப்பாயிற்று. இதைவிட நுட்பமான தீர்ப்பை எந்த உயர்நீதிமன்றமும் எழுதியிருக்க முடியாது என்ற திருப்தியோடு ஆண்கள் வீட்டுக்குப் போனார்கள். பிரகாசி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து தன் வீட்டுக்குள் ஏறினாள்.

ஏறியவள் சும்மா இருக்கவில்லை. நங்கூரம் கிடக்க, அது கிடந்த இடத்திலேயே, மாலைதோறும் பாயை ஏற்றுவாள், இறக்குவாள், சுக்கானைத் திருப்புவாள். படகு கட்டிப்போட்ட ஆட்டைப்போல நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பாட்டனும் தகப்பனும் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசியதையெல்லாம் மீன்முள்ளை எடுத்துப் போட்டபடி கேட்டு வளர்ந்தவளுக்கு, வாடை என்றால் வடக்கு, கொண்டல் என்றால் கிழக்கு, கச்சான் என்றால் மேற்கு என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை.

அந்தப் படகின் அடுப்படியில், மேலிருந்து மூடியைத் தூக்கித் திறக்கும்படி அமைந்த குளிர்பெட்டி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரி சண்டையின் உச்சத்தில் அந்த மூடியை ஓங்கி அறைந்ததில் விளிம்பைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கிழிந்த ரப்பர் வழியே வெளிக்காற்று உள்ளே போகும், உள்ளே போனால் அதிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் உறைபனியாகப் படியும், படிந்தது கனத்தால் பெட்டி குளிராது, பெட்டி குளிராவிட்டால் கணவாய் நாறும். இதெல்லாம் உலகம் முழுவதும் நடப்பது. சிப்பிப்பாட்டில் கூடுதலாக நடந்தது ஒன்றே ஒன்று: ஈரத்தோடு சேர்ந்து காற்றும் உறைந்தது.

ஆனி மாதத்தில் ஒரு காலை, தகட்டில் படிந்திருந்ததை மீன் வெட்டும் கத்தியின் பின்புறத்தால் சுரண்டி அலுமினியச் சட்டியில் அள்ளி, கரையிலிருந்த கணவாயின் மேல் தூவலாம் என்று கொண்டுவந்த பிரகாசி, சட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கூடையை எடுக்கத் திரும்பினாள். சட்டியில் இருந்தது வெயிலில் உருகியது. உருகியதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் மிஞ்சவில்லை. அதற்குப் பதிலாக மேற்கிலிருந்து வறண்ட, செம்மண் வாசனை கலந்த, அசல் கச்சான் எழுந்து வந்து, பக்கத்து வீட்டுச் செலஸ்தீன் கொடியில் போட்டிருந்த சேலையை உருவிப் பனைமரத்தில் மாட்டிவிட்டு, அவள் விரித்துப்போட்டிருந்த சாளை மீனை ஒரு பக்கம் உலர்த்திவிட்டு, நின்றது.

செலஸ்தீன் பனைமரத்தைப் பார்த்தாள், சாளையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சட்டியைப் பார்த்தாள்.

"என்னட்டி சட்டியில?"

"கச்சான், எக்கா. பெட்டியில உறைஞ்சு கெடந்திருக்கு."

"நல்ல கச்சான்தான். மண்ணுகூடக் கெடக்கு பாரு. இன்னும் இருக்குமா?"

"சுரண்டிப் பாத்தாத் தெரியும்."

"சுரண்டினா எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையி. நெத்திலி சொதசொதன்னு கெடக்கு. அந்தச் சேலைய எறக்க யாரையாச்சும் மரத்துல ஏறச் சொல்லு."

ஊர் அதை ஏற்றுக்கொண்டது இப்படித்தான். ஏன் உறைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு என்று எல்லோரும் கேட்டார்கள். கருவாடு போடும் பெண்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். அடுப்புப் புகையில் கண் கலங்கியவர்கள் வந்தார்கள். பங்குச்சாமியார், தம்முடைய பிரசங்கத்தின்போது மக்கள் தூங்குவது வெக்கையினால்தான் என்று உறுதியாக நம்பியவர், ஞாயிறுதோறும் பீடத்தின் பின்னால் ஒரு குண்டான் காற்று வைக்க ஏற்பாடு செய்தார். மக்கள் முன்னைவிட நன்றாகத் தூங்கினார்கள். பட்டம் விடும் பிள்ளைகள் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வாங்கிப்போனார்கள். வாய்க்கு எதுவும் பிடிக்காத கர்ப்பிணி ஒருத்தி, ஐப்பசியில் வாடை உறையத் தொடங்கியதும், அந்த நீல நிறத் துண்டை நக்கிக்கொண்டே மாதங்களைக் கடத்தினாள். பிறந்த பிள்ளை அழும்போதெல்லாம் வடக்குப் பக்கத்துக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன, அதையும் ஊர் பழகிக்கொண்டு வடக்குக் கதவுகளுக்குக் கல்லை முட்டுக்கொடுத்தது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் எதிர்க்கடைக்காரரின் பாலில் மண் விழட்டும் என்று கச்சானை வாசலில் வைத்து உருக்கியபோது மறுபடியும் கூட்டம் கூடியது; கச்சானை அடுத்தவர் வீட்டுக்கு மேற்கே வைத்து உருக்கக்கூடாது, கொண்டலைக் கிழக்கே வைக்கக்கூடாது, வாடையை மாமியார் கட்டிலின் கீழ் எந்தத் திசையிலும் வைக்கக்கூடாது என்று விதிகள் பிறந்தன. கடைசி விதி மட்டும் ஒருநாளும் கடைப்பிடிக்கப்படவில்லை.

கோளாறு இங்கிருந்துதான் பெருகியது. சிப்பிப்பாட்டில் இன்னொரு வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். காற்று வாங்கிப்போன கிண்ணம் புளிக்குழம்போடு வந்தது, இறால் தொக்கோடு வந்தது, ரவை லட்டோடு வந்தது, ஒன்றும் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு கை சீனியோடு வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்புவது அவமதிப்பு, கெட்டுப்போக விடுவது பாவம். பிரகாசி எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கினாள். பெட்டி நிறைந்தது, மூடி ஒழுங்காக உட்காரவில்லை, மூலையில் இருந்த கிழிசல் ஒரு விரல் நீள இடைவெளியாயிற்று, பிறகு ஒரு சாண் ஆயிற்று, இடைவெளி கூடக்கூட உறைபனி கூடியது, உறைபனி கூடக்கூடக் கொடுக்கும் கிண்ணங்கள் கூடின, கிண்ணங்கள் கூடக்கூடக் குழம்பு கூடியது. மரியாதையினால் ஓர் இயந்திரம் பழுதாவதைப் பார்க்க வேண்டுமானால் நம் ஊர்களுக்குத்தான் வர வேண்டும்.

தை பிறந்தபோது சிப்பிப்பாட்டின் வெளியில் காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது, பனையோலைகள் அசையவில்லை, கோயில் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. இதை ஒருவரும் குறையாக எண்ணவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிண்ணம் இருந்தது. தானாக வந்துகொண்டிருந்ததை ஒரு பெட்டியில் அடைத்துக் கிண்ணத்தில் அளந்து கொடுத்தால், தன் சொத்தையே தானமென்று இரு கையேந்தி வாங்கி, அளந்து கொடுத்தவருக்கு நன்றியும் சொல்லும் இயல்பு மனிதர்களுக்கு உண்டு. பிரகாசியும் அந்த நன்றியை, உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொண்டாள்.

அந்த மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான், மீன் ஏலம் நடக்கும் கூடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்: தை கடைசியில் வரும் மாதா திருவிழாவில், பழைய பாய்மர வள்ளங்கள் நண்டுத்தீவைச் சுற்றிவரும் பந்தயத்தில், தானும் தன் படகோடு வரப்போவதாக. துடுப்பும் எஞ்சினும் தொடாமல் பாயால் மட்டும் போய்ப் பாயால் மட்டும் வர வேண்டிய பந்தயம் அது.

ஏலம் நின்றது. தொபியாஸ் தன் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"வீட்டுக்கு எதுக்குட்டி பந்தயம்? நங்கூரத்த எடுத்தா அது படகு. படகுல பொம்பள ஏறக்கூடாது."

"ஏறத்தான கூடாது, அண்ணே. நான் மொதல்ல வீட்டுல ஏறிட்டு, பெறகுதான் நங்கூரத்த எடுக்கப்போறேன்."

பின்வரிசையில் மீன்கூடைகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்த பிறகும் அது முதுகு வழியாகக் குலுங்கியது. தொபியாஸுக்குக் கோபம் வந்தது தங்கையின் பேச்சினால் அல்ல, அந்த முதுகுகளால்.

"சரி. தீவச் சுத்திப் பாயிலேயே வந்து சேந்துட்டன்னா, சாவுறவர இதப்பத்தி நான் வாயத் தொறக்கல. வந்து சேரலன்னா, பாய்மரத்த அறுத்து எறிஞ்சிட்டு, அந்தப் படகோட கூட்டுக்குள்ள தண்ணி விட்டு உயிரோட சிங்கி எறால் போட்டு வைப்பேன். சம்மதமா?"

"சம்மதம்."

அன்று மாலை அவள் பாயை ஏற்றினாள். அது குளித்துவிட்டு உலர்த்தப் போட்ட துணிபோலத் தொங்கியது. அவள் கடலைப் பார்த்தாள், பனைகளைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் திரும்பி, ஒரு சாண் திறந்து, குழம்புக் கிண்ணங்கள் பிதுங்க, வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்த தன் பெட்டியைப் பார்த்தாள். பந்தயத்துக்கு வேண்டிய காற்று முழுவதும் அதற்குள் இருந்தது.

நகரத்திலிருந்து அவள் வரவழைத்த குளிர்சாதன மெக்கானிக் ஞானாதிக்கம், நங்கூரமிட்ட படகிலும் தலைசுற்றும் உடம்பு வாய்த்தவர். கரையைப் பார்த்தபடியே வேலை செய்தார். சட்டைப்பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்து மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்து மூடிவிட்டு இழுத்தார். சீட்டு வெண்ணெயில் இழுத்ததுபோல வந்தது. நல்ல ரப்பர் என்றால் சீட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்றார். நான்கு பக்கமும் வைத்து இழுத்தார். நான்கு பக்கமும் வந்தது.

"எம்மா, இது மூடி இல்ல, வாசல். காத்து வரப் போக இருக்கு."

"வருது, அண்ணாச்சி. போகத்தான் மாட்டேங்கு."

"உப்புக்காத்துன்னா அப்படித்தான்," என்றார் அவர், காற்று உறைவது தம் தொழிலில் தினமும் காண்பதுபோல. "கத்தியால சுரண்டினியளா? கூடாது. தகட்டுல ஒரு பொத்தல் விழுந்தா கேஸ் போயிரும், பெறகு இது சாமான் வைக்கிற அலமாரிதான். சூடு காட்டித்தான் விடுவிக்கணும். வெளிநாட்டு ரப்பர் இங்க கெடைக்காது. கார் கதவுக்கு வைக்கிற பீடிங்க வெட்டி வச்சிரலாம்."

அவர் பீடிங் வாங்கி வருவதற்குள் செய்தி பரவி, பெண்கள் கிண்ணங்களோடு கரையில் திரண்டுவிட்டார்கள். இந்த முறை கிண்ணங்கள் வாங்குவதற்காக நீட்டப்படவில்லை. முன்னால் செலஸ்தீன் நின்றாள்.

"அடைக்கப்போறியாமே?"

"ஆமா, எக்கா."

"அடைச்சிட்டா எங்களுக்குக் காத்து?"

"முன்ன வந்ததுபோல வரும்."

"முன்ன அது இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். இப்பம் கூப்பிட்ட நேரத்துக்கு வருது. உனக்குப் படகு ஓடணும், எங்களுக்குக் கருவாடு நாறணும், அதான? அண்ணனும் தங்கச்சியும் ஒரே ரத்தம்லா."

கடைசி வாக்கியம் பிரகாசிக்கு உறைத்தது. ஊரின் காற்றைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிண்ணத்தில் கொடுத்தது நானல்லவா என்று அவள் எண்ணினாள், எண்ணியதைச் சொன்னாள், "உங்க காத்ததான் எக்கா நான் உங்களுக்கே குடுத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். யாரும் அசையவில்லை. நியாயம் பேசி ஊரை அசைத்தவர்கள் இதுவரை இல்லை. அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"படகு எனக்கு மட்டும்னு யாரு சொன்னா? சுக்கான் பிடிக்க ஒராளு, பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயித்துக்கு ஒராளு. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

செலஸ்தீன் தன் கிண்ணத்தை இடுப்பில் மாற்றி வைத்தாள்.

"நான் முழங்காலுக்கு மேல தண்ணிக்குள்ள போனதில்ல, பிள்ள."

"நானும் நங்கூரத்த எடுத்துப் போனதில்ல, எக்கா."

"முங்கிட்டா?"

"ரெண்டு பேரும் சேந்து முங்குவோம். பேச்சுத்துணை இருக்கும்."

"அண்ணாச்சி," என்றாள் செலஸ்தீன், பீடிங் சுருளோடு வந்து நின்ற ஞானாதிக்கத்தைப் பார்த்து, "பராக்குப் பாக்காம அந்த ரப்பரப் போடும்."

பெட்டியிலிருந்த குழம்புகளையெல்லாம் வெளியே எடுத்து, ஊரே அவற்றை ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்த்தது. யார் வீட்டுப் புளிக்குழம்பு எது என்பதில் மூன்று சண்டைகளும் ஒரு சமாதானமும் நடந்தன. மூடியின் விளிம்பைச் சோப்புத்தண்ணீரால் கழுவித் துடைத்து, புதிய பட்டையைச் சுடுதண்ணீரில் இளக்கி வைத்து, மேலே ஒரு குழவிக்கல்லை ஏற்றினார்கள். மறுநாள் பேருந்துச் சீட்டை நான்கு பக்கமும் கவ்விப் பிடித்தது மூடி. ஆனால் தகட்டில் அன்றைக்கும் ஒரு படலம் புதிதாகப் படிந்திருந்தது. வெளியே பனையோலை அசையவில்லை.

பிரகாசி தலையைப் பெட்டிக்குள் விட்டாள். அடியில், ஒரு மூலையில், உருகும் தண்ணீர் வடிவதற்கென்று ஒரு துளை இருந்தது. அதிலிருந்து போன குழாய் படகின் அடிவயிற்றில் திறந்து கிடந்தது. காற்று வாசலைச் சாத்தியதும் சாக்கடை வழியாக வந்துகொண்டிருந்தது. குனிந்தால் குமட்டும் என்று ஞானாதிக்கம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இப்போது குனிந்தார், குமட்டினார், குழாயைக் கழுத்துபோல் வளைத்துக் கட்டி, வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும்படி செய்தார்; தண்ணீர் வெளியே போகும், காற்று உள்ளே வராது.

"ஆனா எம்மா, வெளிய உடனே காத்து வரும்னு நெனைக்காதிய. இவ்வளவு நாள் வேற வழி பழகின காத்து. பழைய வழிக்குத் திரும்பக் கொஞ்சம் தாமசம் ஆகும்."

"திருவிழாவுக்குள்ள வருமா?"

"அத நீங்க மாதாகிட்டதான் கேக்கணும். நான் ரப்பருக்கு மட்டும்தான் பொறுப்பு."

காற்று வராது என்று வைத்துக்கொண்டு அவள் திட்டமிட்டாள். தகட்டில் ஆனி முதல் தை வரை படிந்தது அடுக்கு அடுக்காக இருந்தது: தகட்டை ஒட்டி, எல்லாவற்றுக்கும் அடியில், சிவந்த கச்சான், அதன்மேல் நீல வாடை, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைக் கொண்டல், கடைசி நாட்களில் எல்லோருக்கும் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்ததில் அப்பளம்போல மெலிந்திருந்தது. அப்படியே உருகவிட்டால் முதலில் கொண்டல் எழும். கொண்டல் கடலிலிருந்து கரைக்கு வீசுவது. படகைத் தூக்கிக் கோயில் வாசலில் வைத்துவிடும். அவளுக்கு முதலில் வேண்டியது கரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான். ஆகவே, கத்தியைத் தொடாமல், தகட்டின் பின்புறத்தில் சுடுதண்ணீர் நனைத்த துணியைப் பிடித்தார்கள். அடியடுக்கு முதலில் பிடிவிட்டு, துவைகல் அளவில் முழுப்பாளமாகக் கழன்று விழுந்தது. அதைத் தலைகீழாகப் புரட்டி, கச்சான் மேலே வரும்படி, உமியிலும் சாக்கிலும் பொதிந்து வைத்தார்கள்.

திருவிழாவன்று ஏழு வள்ளங்கள் வரிசையில் நின்றன. ஏழு பாய்களும் தொங்கின. ஆண்கள் வெற்றிலை போட்டபடி, பந்தயம் நடக்காது, பந்தி நடக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிரகாசியும் செலஸ்தீனும் தண்ணீருக்குள் இறங்கி நடந்து வீட்டில் ஏறினார்கள். நங்கூரக் கயிற்றை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள், சேறு சொட்ட அது மேலே வந்தபோது கரை முழுவதும் ஒரு நொடி மூச்சைப் பிடித்தது, வானம் இடியவில்லை, ஒரு மீன் துள்ளியது. பிரகாசி சாக்கை விலக்கினாள்.

கச்சான் எழுந்தது. பாளத்திலிருந்து அல்ல, தனக்குரிய மேற்கிலிருந்து, பனங்காட்டைத் தாண்டி, கோயில் கொடியை விரித்து, பந்தலின் கீற்றுகளைப் பிய்த்து, ஏழு வள்ளங்களின் பாய்களையும் எட்டாவதின் பாயையும் ஒரே கையால் நிரப்பிக்கொண்டு வந்தது. வெற்றிலையைத் துப்பவும் நேரமில்லாமல் ஆண்கள் கயிறுகளைப் பிடித்தார்கள். செலஸ்தீன் தாமானை இடுப்பில் சுற்றிக்கொண்டு சாய்ந்து, "மாதாவே, இது ஓடுது பிள்ள, இது நெசமா ஓடுது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், திகிலோடு தொடங்கிப் போகப்போகப் பெருமையாக மாறிய குரலில். தீவின் வடமுனையில் கச்சான் அடுக்கு தீர்ந்து வாடை தொடங்கியது. படகு ஒருபக்கம் சாய, அடுப்படியிலிருந்த தட்டுகள் உருள, இரண்டு பெண்களும் சறுக்கி விழுந்து, எழ முடியாமல் சிரித்தார்கள். எழுந்தபோது தீவின் மறுபக்கம் கடந்திருந்தது. தென்முனையைத் திரும்பியதும் கொண்டல். மெலிந்த, அப்பளம் போன்ற கொண்டல். அது அவர்களைக் கரையை நோக்கிப் பாதி தூரம் தள்ளிவிட்டு, சாக்கில் உமி மட்டும் கிடக்கத் தீர்ந்துபோனது.

கடல் மறுபடியும் எண்ணெயாயிற்று. எட்டுப் பாய்களும் தொங்கின.

தொபியாஸ் விசைப்படகில் கயிற்றோடு வந்தார். வள்ளங்களில் இருந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கரையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. கடைசியாக அவர் தங்கையின் பக்கம் வந்தார்.

"பிடிட்டி கயித்த. வெயில்ல கெடந்தா ரெண்டு பேரும் கருவாடாயிருவிய."

"கருவாட்டுக்குக் காத்து வேணும், அண்ணே. அது வாரவர இருக்கோம்."

"வராது."

"நீரு சாப்பாட்டுக்குப் போம்."

அவர் கயிற்றை எறிந்தார். அது படகின் விளிம்பில் விழுந்து சறுக்கித் தண்ணீருக்குள் போனது. இருவரில் ஒருத்தியும் கையை நீட்டவில்லை. விசைப்படகு வள்ளங்களை இழுத்துக்கொண்டு போனது. எஞ்சின் சத்தம் தேய்ந்தபின் மிஞ்சிய அமைதியில், பிரகாசியால் பாய்மரத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ரம்பம் எந்த இடத்தில் படும் என்றே கண் போயிற்று. செலஸ்தீன் தாமான் கயிற்றை விடாமல் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி நீளமாகப் பேசினாள். கடலில் இருந்து பேசும்போது அந்தக் குறட்டை எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று வியந்தாள். பேச்சின் நடுவே நிறுத்தினாள்.

"ஏட்டி. எனக்குப் பிடரி குளுருது."

பிரகாசி திரும்பினாள்.

"பெட்டியத் தொறந்தியா?"

"தொறக்கல, எக்கா."

"அந்தக் கொழா?"

"அதுவும் அடைச்சுத்தான் கெடக்கு."

"அப்ப இது?"

"இது வெளிய உள்ளது."

கிழக்கே, தொடுவானத்தின் அடியில், கடலின் தோல் சிலிர்த்துக்கொண்டு வந்தது. ஒருவரும் சுரண்டாத, ஒருவரும் அளக்காத கொண்டல், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்காமல், பாயின் ஓரத்தை முதலில் ஒரு விரலால் தட்டி, பிறகு உள்ளங்கையால் தள்ளி, பிறகு தோள் கொடுத்தது. செலஸ்தீன் சொல்லாமலே தாமானை இழுத்துப் பிடித்தாள். படகு மூக்கைக் கரைக்குத் திருப்பியது.

கரையில் பந்தி பாதியில் நின்றது. தொபியாஸ் தட்டும் கையுமாக எழுந்து நின்று, பாயில் மட்டுமே வந்துகொண்டிருந்த அந்தப் படகைப் பார்த்தார். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததை யாரும் கேட்டதில்லை. பிரியாணிக்கு மட்டும் திறந்தார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

இடுப்பளவு ஆழத்துக்கு வந்ததும் பிரகாசி சுக்கானைத் திருப்பிப் பாயைத் தளர்த்திப் படகை நிறுத்தினாள், நங்கூரத்தைத் தொடவில்லை. காற்று இன்னும் நிறைய இருந்தது, பகலும் இருந்தது. முதலில் ஒருத்தி எச்சில் கையைக் கழுவிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் இறங்கினாள். அவள் பின்னால் மாமியாரும் மருமகளும் சேர்ந்தாற்போல இறங்கினார்கள். கைப்பிள்ளையைக் கணவனின் மடியில் போட்டுவிட்டு ஒருத்தி இறங்கினாள். பிறகு எண்ண முடியவில்லை. தண்ணீர் முழுவதும் சேலைகளாயிற்று, சிரிப்பாயிற்று. விளிம்பைப் பற்றித் தொங்கியவர்களின் கைகளைத் தூக்கிவிட்டபடி, அரை நாள் அனுபவத்தின் முழு அதிகாரத்தோடு செலஸ்தீன் அதட்டிக்கொண்டிருந்தாள்:

"ஒவ்வொருத்தியா ஏறுங்கட்டி. படகு சாயுதுல்லா."